ஸ்டேஷனுக்குக் கார் வராத காரணம்

சிவகாசி அச்சக முதலாளி குணசீலன், எழுத்தர் தாசையாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அந்தச் சென்னைக்காரர் வந்த அன்றுதான். அச்சகத்தின் சொந்த இணைய டொமைன் பெயரில் மின்னஞ்சல் அனுப்பும் சேவையை விற்க வந்தவர் அவர்.

"நேத்தே மெயில் போட்டேன். ஸ்டேஷனுக்கு ஒரு கார் அனுப்பக்கூடாதா?" என்று அதட்டிவிட்டு, "எங்க சேவையில அனுப்புனா ஒண்ணுகூட ஸ்பேம் குப்பைக்குப் போகாது. குறை இருந்தா காட்டுங்க பார்ப்போம்!" என்றார்.

தாசையா கணினியை அவர் பக்கம் திருப்பினார். "உங்க மெயில் இந்தா, ஸ்பேம்ல தூங்குது சார். எழுப்பட்டுமா?"

விருந்தாளி முன் மானம் போனதாக நினைத்த குணசீலன், "வெளிய போய்யா!" என்று கத்தி, தாசையாவை வேலையைவிட்டு அனுப்பினார். வீம்புக்கு அந்தச் சேவையையே வாங்கினார்.

அடுத்த வாரம், "தப்பு என்னுதுதான், திரும்பி வாங்க" என்று அதிலிருந்தே எழுதினார். பதில் இல்லை. எழுதிய பத்தாம் நாள் தாசையா மாரடைப்பில் இறந்தார்.

துக்க வீட்டில் மகள் அப்பாவின் போனைக் காட்டினாள். கடிதம் ஸ்பேமில், திறக்கப்படாமல் இருந்தது.