கிரைண்டரும் ஓனரின் செருப்பும்

போன தவக்காலத்தில், ஜெபம் முடிந்து வரும் வழியில், எங்கள் சபை ஞானசௌந்தரி சொன்னது இது.

வாடகை வீட்டில் கிரைண்டரைத் தொட்டபோது ஷாக் அடித்து அவள் புருஷன் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த ஓனர் துரைராஜ், ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எர்த் கம்பி போட்டுக் கொடுங்கய்யா, பிள்ளைங்க இருக்காங்க" என்றாள்.

"என் வயரிங்கில் என்னம்மா குறை? ஈரக்கையோட தொட்டது அவன் தப்பு. குறைன்னா நிரூபி, இல்லேன்னா காலி பண்ணு."

"சரிங்கய்யா. அந்தக் கிரைண்டரை ஒரு தரம் தொட்டுக் காட்டுங்க, காலி பண்றேன்."

ஓனர் எழுந்து போய், செருப்பை மாட்டிக்கொண்டு துக்க வீட்டுக்குள் வந்தார். அப்படியும் கை நீளவில்லை.

"பயப்படாதீங்கய்யா, பிளக்கை அன்னைக்கே பிடுங்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே எர்த் கம்பி வந்தது.

"முன்னாடியே வந்திருந்தா அவரு இருந்திருப்பாரேக்கா" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

நீங்களும் இன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.