மயிலை தன் பேச்சை வைத்த இடம்

அந்தக் காலத்தில், நாய்கள் வாலை ஆட்டியதைவிட வாயை அதிகமாக ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில், கரிசல் காட்டோரம் சடையாண்டி என்ற வேட்டைக்காரன் இருந்தான். அவனிடம் மயிலை என்று ஒரு பெண் நாய். சாம்பல் பூத்த வெள்ளை நிறம், ஒட்டிய வயிறு, நெடுநெடுவென்ற கால்கள். முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது முயலுக்கே தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும். சடையாண்டிக்கும் அவன் மனைவி வெள்ளத்தாய்க்கும் பிள்ளை இல்லை. மயிலைதான் அவனை அய்யா என்றும் அவளை ஆத்தா என்றும் கூப்பிடுவாள். வேட்டை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு ஓயாது. தப்பிப்போன முயலை அவள் வைது தீர்ப்பாள், இவன் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த மனுஷன் காட்டுக்கே போகிறான் என்பாள் வெள்ளத்தாய். அது உண்மைதான்.

சடையாண்டி நல்லவன். ஆனால் யாரிடமும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாத நல்லவன். அந்த வகை நல்லவர்களால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. வழியில் போகிற வேட்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். மயிலையைப் பற்றி இரண்டு வார்த்தை புகழ்வார்கள். அவள் குட்டி போட்டால் எனக்கு ஒன்று என்பார்கள். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சரி சரி என்று தலையை ஆட்டிவிடுவான். எத்தனை பேருக்கு ஆட்டினான் என்பது அவனுக்கே தெரியாது.

அந்நாளில் நாய்க்குட்டிகள் கண்ணைத் திறந்துகொண்டுதான் பிறக்கும். பிறந்த அன்றே எழுந்து நடக்கும், மழலையும் பேசும். யார் முகம் முதலில் கண்ணில் பட்டுச் சிரிக்கிறதோ அவர் பின்னால் போய்விடும். மயிலை முதல் ஈத்தில் குட்டி ஈன்ற அன்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார்கள். குட்டிகளும் ஊர் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் தத்தித் தத்திப் போயின. பொழுது சாய்வதற்குள் மடி காலி. பால் கட்டிக்கொண்டு மயிலை வேதனைப்பட்டாள். வெள்ளத்தாய் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே புருஷனைத் திட்டினாள்.

போன குட்டிகள் ஒன்றும் உருப்படவில்லை. ஒன்று தாய்ப்பால் இல்லாமல் சவலை பாய்ந்து செத்தது. ஒன்று முயலைக் கண்டதும் தானே புதருக்குள் ஓடி ஒளிந்தது. வேட்டை இல்லாத மாதத்தில் இதற்கு எதற்குச் சோறு என்று ஒன்றை அவிழ்த்துத் துரத்திவிட்டார்கள். கொண்டுபோனவர்கள் கொஞ்சமும் கூசாமல் திரும்பி வந்து வேறு குட்டி கேட்டார்கள். சடையாண்டிக்கு அவமானமாக இருந்தது. அவமானப்பட்டவன் என்ன செய்ய வேண்டும்? அவன் அவர்களுக்கும் தலையை ஆட்டினான்.

அடுத்த பருவத்திலேயே மயிலையை மறுபடி ஆண் நாயோடு சேர்த்துவிட வேண்டும் என்றான். விலா எலும்பை இன்னும் சதை மூடவில்லை, ஒரு பருவம் போகட்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வெள்ளத்தாயும் அவள் பக்கம்தான். இவன் கெஞ்சினான், கொஞ்சினான். அவன்மேல் வைத்த பாசத்தால் அவள் கடைசியில் இணங்கினாள். பக்கத்திலேயே இருக்கிறானே, அவளுடைய அண்ணன், ஓட்டத்தில் புலி என்று ஊரார் யோசனை சொன்னார்கள். கூடப் பிறந்தவனோடு சேர்த்தால் குட்டிகள் குறையோடு பிறக்கும் என்று சடையாண்டி அதற்கு மட்டும் காது கொடுக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை நடந்து, வேற்று வம்சத்தில் வந்த செம்பன் என்ற நாயோடு சேர்த்துக் கூட்டி வந்தான். அந்த மட்டும் அவனுக்குப் புத்தி இருந்தது.

இந்தப் பிரசவத்தில் மயிலை பிழைத்ததே பெரிது. விடியலில் தொடங்கிய வலி உச்சிப்பொழுதில்தான் முடிந்தது. மடியில் நான்கு குட்டிகள் கிடந்தன. அவளுக்குத் தலையைத் தூக்கத் தெம்பில்லை. வாசலிலோ அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அய்யா, குட்டி இல்லன்னு சொல்லிருங்க," என்றாள் மயிலை.

"வாக்குக் குடுத்துட்டேனே தாயி. எந்த மொகத்த வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்ல?"

"வாக்கு நீங்க குடுத்தது. குட்டி நான் பெத்தது."

 வெளியே யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். நெற்றியில் வெள்ளை விழுந்த குட்டி காதைத் தூக்கியது. எழுந்து வாசலைப் பார்க்கத் தள்ளாடி நடந்தது. மயிலை எட்டி அதன் பிடரியைக் கவ்வி இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்ட இருக்குறது இந்தப் பேச்சு ஒண்ணுதான். அத இதுக கண்ணுல வச்சு மூடிருதேன். பாலு குடிச்சுத் தெம்பு வந்தா தானாத் தெறக்கும். அதுக்கப்புறம் எனக்கு வாயில்ல. எனக்கும் சேத்து நீங்கதான் பேசணும்."

வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தான் சடையாண்டி. "பேசாமப் படு தாயி," என்றான்.

அவள் குட்டிகளை நக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றின் கண்ணையும் நாக்கால் தடவித் தடவி மூடினாள். நாக்கில் இருந்த சொல்லெல்லாம் அந்த இமைகளில் ஒட்டிக்கொண்டது. கண் மூடிய குட்டிகள் வாசலை மறந்தன. வாசனை பிடித்து ஊர்ந்து மடியைத் தேடி முட்டிக் குடித்தன. சடையாண்டி பயந்துபோய், மயிலே, மயிலே என்று கூப்பிட்டான். அவள் வாயைத் திறந்தாள். மெல்லிய முனகல் மட்டும் வந்தது. பேசாமல் படு என்று தன் வாயாலேயே சொன்னதை எண்ணி அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

"குட்டி இல்ல," என்றான்.

வாக்குக் கொடுத்தாயே என்று அவர்கள் எழுந்து சண்டைக்கு வந்தார்கள். குடித்த கூழுக்காவது விசுவாசம் வேண்டாமா என்றுகூட ஒருவன் கேட்டான். கூழ் யார் வீட்டுக் கூழ் என்பது அவனுக்கு மறந்துபோயிற்று.

"தப்பா வாக்குக் குடுத்துட்டேன். கண்ணு தெறக்கட்டும், பாலு மறக்கட்டும். அப்புறம் வாங்க. வேட்டை இல்லாத நாள்ல யாரு சோறு போடுவான்னு கேப்பேன். வளக்க முடியலன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து விடணும். சம்மதிச்சவங்களுக்குத்தான் குட்டி."

பாதிப் பேர் ஏசிக்கொண்டே போனார்கள், திரும்பவே இல்லை. குட்டிகள் கண் திறந்தபோது முதலில் பார்த்தது தாயின் முகத்தைத்தான். சொல்லிக் கொடுக்க அவளிடம் சொல் இல்லாததால் அவற்றுக்கு மழலையும் மறந்து பேச்சு வராமலே போயிற்று. சேதி கேள்விப்பட்ட மற்றத் தாய் நாய்களும் தங்கள் குட்டிகளுக்கு அதையே செய்தன. மயிலை உடம்பு தேறும்வரை சடையாண்டி அவளைச் சேர்க்கவே இல்லை. காட்டிலிருந்து திரும்பும்போது இப்போது அவன்தான் இருவருக்குமாகப் பேசினான். அவள் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அது போதாதுதான், ஆனாலும் அவன் பேசிக்கொண்டே நடந்தான்.

அப்படி மூடி மூடித்தான் நாய்க்குட்டிகள் இன்று கண்ணை மூடிக்கொண்டே பிறக்கின்றன. மடி மறக்காத குட்டியைக் கேட்டு எவன் வந்து நின்றாலும், வாயில்லாத அந்தத் தாய்க்காக, வளர்க்கிறவன் வாயைத் திறந்து இல்லை என்கிறான்.