சாம்பலின் கடைவாய்ப் பல்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு சொல் பிசகினாலும் குரு சொல்லாததைச் சொன்ன பாவம் வரும்.

என் குரு சண்முகவடிவு, குதிரை வளர்த்த வீட்டில் பிறந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை அக்கா என்பார். ஆற்றங்கரையில் இருந்த அவருடைய ஆசிரமத்துக்கு ஒரே கேள்வியோடுதான் போனேன். பயம் முழுவதும் போக என்ன செய்ய வேண்டும்? அவர் சாம்பல் என்ற வயதான பெண்குதிரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மழைக்காலத்தில் சாம்பல் புல்லை மென்று உருண்டை உருண்டையாகத் துப்பியது. பல் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். புல்லை நிறுத்தி, கொள்ளை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். பிறகு கஞ்சியாகவே கரைத்தேன். இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரிந்தது. கஞ்சியையும் ஒதுக்கியது. செத்துவிடும் என்று அழுதுகொண்டே போய்ச் சொன்னேன்.

அம்மா வந்து கஞ்சியைத் தொட்டுப் பார்த்தார். தனக்குக்கூட யாரும் இவ்வளவு நைசாகக் கரைத்துத் தந்ததில்லை என்றார். பிறகு சாம்பலின் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தினார். அது தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"வாய்க்குள்ளே கைவிட்டுப் பாருங்க, அக்கா."

"கடிச்சுட்டா?"

"முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல் கிடையாது. அங்கே விட்டு, நாக்கைப் பிடிச்சுப் பக்கவாட்டில இழுத்துக்குங்க."

எனக்குத் துணிவு வரவில்லை. அவரே நாக்கைப் பிடித்துக் காட்டினார்.

பல் தேயவில்லை. வளர்ந்திருந்தது. மேல்வரிசையின் வெளி ஓரம் கத்தி போல் இறங்கி, கன்னத்தின் உள்ளே புண்ணாகியிருந்தது.

குதிரையின் பல் ஆயுள் முழுக்கத் தாடைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டே இருக்குமாம். புல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்குமாம். புல் தேய்க்காத ஓரத்தை வருடத்துக்கு ஒருமுறை நாம் அரத்தால் ராவ வேண்டுமாம். நானோ புல்லையே நிறுத்தியிருந்தேன்.

சாம்பல் பிறந்த பதினெட்டு வருடமாக, சத்தமில்லாமல், ஒரு செடியைப் போல அந்தப் பல் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பார்த்தபடியே நின்றேன். எந்தச் சந்நிதியிலும் நான் அப்படி நின்றதில்லை.

அம்மா நீண்ட கைப்பிடி போட்ட அரத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கு ராவிட்டா சரியாப் போயிடுமா, அம்மா?"

"அடுத்த வருஷம் மறுபடி கூராகும்."

"அதுக்கடுத்த வருஷம்?"

"அப்பவும்."

"அப்போ இன்னைக்கு எதுக்கு ராவணும்?"

"இன்னைக்கு அது புல் தின்ன வேண்டாமா?"

என் பழைய கேள்வியை அதன்பின் நான் கேட்கவில்லை. பயம் அப்படியே இருந்தது. அந்தப் பயத்தோடேயே கையைப் பல் இல்லாத இடத்தில் நுழைத்து, சாம்பலின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பிறகு அரத்தை உள்ளே விட்டேன்.