தவிட்டுக்குருவிக் கூட்டில் சுடலைக்குயில்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வம்பும் இருந்தது. ஊருக்கு வெளியே, சுடுகாட்டை ஒட்டிய ஓடைக்கரையில் ஓர் உடைமரம். அதில் தவிட்டுக்குருவிகள் ஏழு பேர் ஒரே குடும்பமாக இருந்தார்கள். ஆறு பேர் கீழே சருகைக் கிளறிக் கறையான் பொறுக்கினால், ஒருவர் உச்சியில் உட்கார்ந்து காவல் பார்ப்பார். வயிறு நிறைந்தவர் மேலே போவார், மேலே இருந்தவர் பசிக்கிறது என்று இறங்குவார். முறை வைத்ததும் இல்லை, கூலி கேட்டதும் இல்லை. பொழுது சாய்ந்தால் எல்லோரும் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த வீட்டு மருமகள் நொச்சியாள். நல்லவள்தான், கொஞ்சம் கணக்குப் பார்ப்பவள்.

அவர்களோடு சுடலி என்று ஒரு குயிலும் இருந்தாள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தலையில் சின்னக் கொண்டை. எங்கிருந்து வந்தாள், எந்த வகையறா என்று ஒருவருக்கும் தெரியாது. மழைக்குக் கிளையோரம் வந்து ஒண்டியவள், அப்படியே எட்டாவது ஆளாகிவிட்டாள். அவளுக்குப் பெரிய தொண்டை. அவள் காவலில் இருந்தால், நாகம் ஓடையைத் தாண்டும்போதே ஊரைக் கூட்டிவிடுவாள். நொச்சியாளை வாய் நிறைய மதினி என்று கூப்பிடுவாள்.

ஒரு வருடம் மழை ஏமாற்றியது. கறையான் அருகிப்போனது. நொச்சியாளுக்கு அப்போதுதான் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன, இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. பசி வந்ததும் கிளையில் இடமும் குறுகிப்போனது. கொழுந்தன் காரையன்தான் முதலில் முணுமுணுத்தான். நம் நிறமா, நம் குரலா, இவளுக்கு எதற்கு நம் கிளையில் இடம் என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் அவளுடைய காவல் மட்டும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அப்போதுதான் நொச்சியாளுக்கு அந்த யோசனை வந்தது.

பிணத்தின் நெற்றியில் ஒட்டிவைக்கும் காசு சுடுகாட்டுச் சாம்பலில் கிடக்கும். மனிதர்கள் அதைத் தொடமாட்டார்கள். அக்கரை மைனாக்கள் மட்டும் அந்தக் காசுக்குப் புழு விற்றுவந்தன. நொச்சியாள் போய் ஒன்றைக் கவ்வினாள். சிதை அணைந்து நாலைந்து நாளாகியும் காசு சுட்டது. அலகு எரிய எரியத் தூக்கிவந்து சுடலியின் முன்னால் போட்டாள்.

"இனி நாளுக்கு ஒரு காசு. காவல மட்டும் பாத்துக்கோ. ராத்தங்க வேற மரம் பாத்துக்கோ."

சுடலி காசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிளையில எடம் குடுத்தீக, காவல் இருந்தேன் மதினி. காசு எதுக்கு?"

காசு இருந்தால் யாரிடமும் எதையும் வாங்கலாம், யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை என்று நொச்சியாள் எடுத்துச் சொன்னாள். சுடலி காசை எடுத்துக்கொண்டு, சிதைமேட்டில் கருகி நின்ற ஒற்றைப் பனைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் மதினி என்று கூப்பிடவில்லை, முதலாளியைக் கூப்பிடுவதுபோல அம்மா என்றாள். வெயில் ஏறும்போது வந்தாள், இறங்கும்போது போனாள். மரத்தின் உச்சியில் இருந்துதான் குரல் கொடுத்தாள். ஆனால் அது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோலக் கேட்டது. குஞ்சுகள் அந்தக் குரலுக்கு ஒடுங்கின. நொச்சியாளுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறாம் நாள், உச்சிவேளை. காற்று இல்லை. ஏழு பேரும் கீழே இருந்தார்கள். திடீரென்று சில்வண்டுச் சத்தம்கூட நின்றுபோகவே நொச்சியாள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் சுடலி இருந்தாள். இமைக்காமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை மெல்ல மெல்லத் திரும்பியது, ஓடையிலிருந்து மரத்தடிக்கு, மரத்தடியிலிருந்து கூட்டுக்கு. எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாள், கொடுத்த காசு வீண்போகவில்லை என்று நினைத்து நொச்சியாள் மறுபடி சருகில் தலையைக் கவிழ்த்தாள்.

கறையானோடு மேலே போனபோது கூடு காலியாக இருந்தது. ஒரு குச்சிகூடக் கலைந்திருக்கவில்லை. நாகம் வயிறு புடைக்க, அவசரமே இல்லாமல் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நொச்சியாள் அலறினாள். ஏழு பேரும் சேர்ந்து அலறினார்கள். சுடலி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுக்குப் பக்கத்தில், கிளைக் கவட்டில், இரண்டு காசுகள் புகைந்துகொண்டிருந்தன.

"பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஏன் கத்தல?"

"நீங்க ஒரு காசு குடுத்தீக. அந்த நாகம் ரெண்டு குடுத்து, சும்மா இருன்னுச்சு." சுடலியின் குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "கிளையில இருந்தப்ப நம்ம பிள்ளைகன்னு இருந்துச்சும்மா. இன்னைக்கி அப்படித் தோணல."

கொத்திக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் நொச்சியாளுக்கு இருந்தது. ஆனால் முதல் காசைத் தூக்கிவந்தது தன் அலகு என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்புத்தான் குஞ்சுகள் போனதைவிட அதிகமாக அவளை அறுத்தது. அவள் கூட்டைவிட்டு இறங்கவில்லை. இரையும் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து, அதே உச்சிவேளையில் சுடலி வந்தாள். கொண்டை சரிந்து, பாதியாக இளைத்திருந்தாள். காசையெல்லாம் ஓடையில் போட்டுவிட்டேன் என்றாள். நொச்சியாள் நகர்ந்து கொடுத்தாள். சுடலி கூட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தாள். அடியில் ஒரு முட்டை இருந்தது. தவிட்டுக்குருவி முட்டையின் அதே நீலம்.

"மூணுக்கு இது ஈடாகாது. என்கிட்ட இருக்கறது இதுதான். இதுக்காவது கிளையில எடம் குடுங்க." சொல்லிவிட்டுப் பறந்தவள் திரும்பவே இல்லை.

முட்டை பொரிந்தது. குஞ்சு சிவந்த வாயை ஆவென்று பிளந்து கத்தியது, குடும்பத்தில் யாரும் கேட்டிராத குரலில். காரையன் எட்டிப் பார்த்து முகம் சுளித்தான். "இது யாரு பிள்ள?" என்று ஆரம்பித்தான்.

"கேக்காதப்பா," என்றாள் நொச்சியாள். "அதக் கேட்டுத்தான் என் கூடு காலியாச்சு."

காரையன் கீழே போனான். திரும்பி வந்தபோது அவன் வாயில் கறையான் இருந்தது.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவி, தன் கூட்டில் எந்த வாய் திறந்தாலும் யாருடையது என்று கேட்காமல் இரை ஊட்டுகிறது. சுடலைக்குயிலும் தன் முட்டையை அங்கே விட்டுவிட்டு, எந்தக் கிளையிலும் இடம் கேட்காமல், தனியாகக் கத்திக்கொண்டே போகிறது.