மின்னிக்கு இடம் கொடுத்த கரிப்பந்து

அணுக்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரியணுக்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைகோத்தால் ஆறு ஆறு பேராகத்தான் வட்டம் கட்டுவார்கள். ஐந்து பேர் நின்றால் அது வட்டமே இல்லை என்பார்கள். அப்படியொரு பிடிவாதம்!

ஒருநாள் பெரும் நெருப்புக்குள் அறுபது கரியணுக்கள் பாய் விரித்தது போலக் கைகோத்து நின்றார்கள். ஓரத்தில் நின்ற கரிச்சிக்கு ஒரு கை சும்மா இருந்தது. அந்த நேரம் பார்த்து மின்னி என்ற குட்டி எலக்ட்ரான் அலறிக்கொண்டு வந்தாள். சோடியம் அவளை வெளியே தள்ளிவிட்டிருந்தான்.

"அக்கா, என்னைப் பிடிச்சுக்கோங்க."

கரிச்சி பிடித்தாள். நெருப்பு ஓர் உலுக்கு உலுக்கியதும் பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் நழுவியது. இன்னொரு தடவை நழுவினால் மின்னி போன இடம் தெரியாது. கரிச்சிக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க அஞ்சு பேரா வட்டம் கட்டுவோம். ஆறாவது ஆள் இடம் காலியா இருக்கும்ல, அதுல இவ இருக்கட்டும்."

"அஞ்சு பேரா? ஊரே சிரிக்கும்" என்றான் பக்கத்தில் நின்ற மசியன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். கையைக் குடு."

வெடுக்கென்று அவன் கையை இழுத்துக் கோத்தாள். அவ்வளவுதான், பாய் அந்த இடத்தில் வளைந்தது! எல்லோருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அங்கொன்று இங்கொன்றாகப் பன்னிரண்டு ஐவர் வட்டங்கள் எழும்ப, பாய் சுருண்டு பந்தாகி மூடிக்கொண்டது. இப்போது ஓரமும் இல்லை, சும்மா இருக்கும் கையும் இல்லை.

"எங்க வட்டத்துக்கு வா", "இல்ல, எங்ககிட்ட வா" என்று பன்னிரண்டு வட்டங்களும் கூப்பிட்டன. மின்னி திகைத்து நின்றாள்.

"எதுக்கு ஒரே இடத்துல இருக்கணும்? அறுபது பேரும் உனக்குச் சொந்தம்தான். இஷ்டத்துக்கு ஓடு" என்றாள் கரிச்சி.

மின்னி பந்து முழுக்க ஓடினாள். நெருப்பு ஓங்கி உலுக்கியது. அறுபது பேரும் சேர்ந்து பிடித்திருக்கையில் அவள் எங்கே நழுவுவாள்? பந்து எதிர்மின் அயனியாகி ஜம்மென்று நின்றது. அவளை இழந்த பிறகுதான் சோடியத்துக்கு அவள் அருமை உறைத்தது. பந்தைத் தேடி ஓடிவந்தான்.

ஃபுல்லரின் எனப்படும் கரிப்பந்து எலக்ட்ரானைக் கண்டால் ஆசையாய்ப் பிடித்து வைத்துக்கொள்வது அன்று முதல்தான். அவளைத் துரத்திவிட்ட சோடியம் அந்தப் பந்தின் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான்.