திரும்பி நின்ற கரடி

ஜெர்மனியில் வைடன்ரீட் என்றொரு ஊர். பஞ்ச காலத்தில் ஒரு கரடிதான் அவ்வூர் மக்களுக்குத் தேன்கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாம். அன்றைக்கு ஊர்ச்சின்னத்தில் ஏறிய கரடி, இன்னும் இறங்கவில்லை.

ஆற்றின் மேல் கட்டிய புதுப் பாலத்து வாசலில் அந்தச் சின்னத்தைக் கல்லில் வெட்டும் வேலை ஊட்டோவுக்கு வந்தது. வயது ஐம்பத்திரண்டு. நாற்பது வருஷம் பலகாரத்துக்கு மர அச்சு வெட்டிவிட்டு, போன வருஷம்தான் சிற்பி வீலாண்டிடம் சீடராய்ச் சேர்ந்தவர். குருவுக்கு வயது முப்பது! ஊர்த்தலைவர் பார்வையில் இந்தக் கல் தேறினால் ஊட்டோவும் சிற்பி. இல்லையென்றால் பழையபடி மர அச்சுதான்.

வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். கரடி வலப்பக்கம் பார்த்து நின்றது.

சின்னத்து மிருகம் பார்ப்பவருக்கு இடப்பக்கம் நோக்கி நிற்கவேண்டும். வலப்பக்கம் திரும்பினால் புறங்காட்டி ஓடுகிறது என்பார்கள். அச்சிலோ எதையும் திருப்பி வெட்டினால்தான் பலகாரம் நேராய் விழும். பழகின கை கரடியையும் திருப்பி வெட்டிவிட்டது.

"குருவே, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்."

"கரடி நன்றாய்த்தானே இருக்கிறது, அண்ணே."

"ஐயோ, ஓடுகிறதே!"

"எதைப் பார்த்து ஓடுகிறது?"

கரடியின் மூக்குக்கு நேரே, எதுவும் வெட்டாத கல் ஒன்று சும்மா இருந்தது.

"அதில் ஒரு மான் வெட்டுங்கள்" என்றார் வீலாண்ட்.

"மானா? அது அக்கரைக்காரன் சின்னம்! முப்பது வருஷமாய் அவனோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது."

"இந்தப் பாலம் எங்கே போகிறது, அண்ணே?"

ஊட்டோ உளியை எடுத்தார்.

நாலாம் நாள் திறப்புவிழா. ஊர்த்தலைவர் கரடியைப் பார்த்ததும் முகம் சிவந்தார். "யாருக்குப் பயந்து ஓடுகிறது எங்கள் கரடி?"

"பக்கத்துக் கல்லையும் பாருங்கள்" என்றார் வீலாண்ட். "இரண்டு சின்னம் சேர்ந்து நின்றால் ஒன்று மற்றதன் பக்கம் முகம் திருப்பும். அது பழைய மரியாதை. வீட்டுக்கு வந்தவருக்கு முதுகைக் காட்டலாமா?"

பாலத்தைக் கடந்து வந்திருந்த அக்கரைக்காரர்கள் மானைப் பார்த்தார்கள், கரடியைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். சற்றுப் பொறுத்துத் தலைவரும் கழற்றினார்.

"கல் தேறியது" என்றார்.

ஊட்டோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டம் கலைந்தபின் குருவிடம் வந்தார்.

"அடுத்த கல்லில் கரடியை எந்தப் பக்கம் திருப்பட்டும், குருவே?"

"பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அண்ணே."