மணப்புல்லின் வேர்

அந்தக் காலத்தில், புல்பூண்டுகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைச்சரிவில் மாதையனும் அவன் மனைவி சிலம்பாயியும் கேழ்வரகு பயிரிட்டு வந்தார்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாக விதைக்கலாம் என்று சரிவிலிருந்த மரம் செடிகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அதன்பிறகு பெய்த மழையெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு போனது. நிலம் முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக அறுபட்டு, பாறை தெரிந்தது.

வேறு ஊர் பார்க்கலாம் என்றான் மாதையன். சிலம்பாயிக்கு மனம் வரவில்லை.

"வெட்டினது நாம. இப்படியே போட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள்.

அவள் செடிகளிடம் உதவி கேட்டுப் போனாள். காலூன்ற மண்ணே இல்லையே என்றது புளி. தான் வளர்வதற்குள் மிச்ச மண்ணும் போய்விடும் என்று வருத்தப்பட்டது வேம்பு. ஆற்றோரத்தில் ஒரு புல் இருந்தது. அதன் பூ அப்படி மணக்கும். தேனீக்கள் அதைவிட்டு நகராது. எல்லோரும் அதை மணப்புல் என்பார்கள். வேர் மட்டும் விரல் நீளம்தான். சிலம்பாயி சொன்னதை அது முழுக்கக் கேட்டது. நான் வருகிறேன் என்றது.

அவள் அந்தப் புல்லின் தூர்களை வேரோடு பெயர்த்து, பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துச் சுமந்து வந்தாள். சரிவுக்குக் குறுக்கே மாதையன் குழி தோண்ட, நெருக்கமாக நட்டார்கள்.

புல் பூவெடுத்த நேரத்தில் பெருமழை பிடித்தது. மேலேயிருந்து தண்ணீர் புரண்டு வந்தது. புல்லின் அடிமண் கரைய ஆரம்பித்தது. சிலம்பாயி ஓடிவந்து ஒரு தூரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடு தாயி. நான் நின்னுக்குவேன்" என்றது புல்.

பூவில் வைத்திருந்த பலம் அத்தனையையும் அது கீழே இழுத்தது. வேர்கள் பாறை இடுக்குகளில் புகுந்து நேராக இறங்கின. ஓடிவந்த தண்ணீர் புல்வரிசையில் தட்டி வேகம் தணிந்தது. சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு மெதுவாகக் கடந்தது.

மழை விட்டதும் சிலம்பாயி குனிந்து பூவை முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னாலதானே போச்சு, கண்ணு."

"எங்கேயும் போகலை. கீழே தோண்டிப் பாரு."

விரலால் மண்ணை விலக்கினாள். ஈர வேரின் மணம் குப்பென்று எழுந்தது. மாதையனையும் கூப்பிட்டு முகரச் சொன்னாள்.

தேங்கிய மண்ணில் முதலில் தும்பை முளைத்தது, பிறகு ஆவாரை. வேம்பும் புளியும் தாமாகவே வந்து சேர்ந்தன. காடைகள் முட்டையிட்டன. தேனீக்கள் ஆவாரம்பூவுக்கு வந்தன; புல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிலம்பாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் தாளைத் தடவிக்கொடுப்பாள்.

அன்று முதல்தான், நாம் வெட்டிவேர் என்று அழைக்கும் அந்தப் புல்லின் பூ மணப்பதில்லை; மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர்தான் மணக்கிறது.